இன்னாசியாள் முடிச்சு

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஒன்று கிடக்க ஒன்று சொன்னால் செத்தவர்கள் கோபப்படுவார்களாம். இருந்தாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

ரொம்ப காலத்துக்கு முன்னே, ஜெர்மன்காரன் சண்டை நடந்தபோது, சிப்பித்துறையில் இன்னாசியாள் என்று ஒருத்தி இருந்தாளாம். புருசனைக் கடல் கொண்டுபோயிற்று. மிச்சம் ஒரே ஒரு வலை. கொழுந்தன் கஸ்பாரோடு அவளே வள்ளம் ஏறுவாளாம். பொம்பிளை கடலுக்குப் போகலாமா என்று ஊர் பேசியது. பேசட்டும் என்றாளாம்.

ஒரு நாள் காலையில் வலையை இழுக்கிறாள், வரவில்லை. இன்னும் இழுக்கிறாள், வரவில்லை. கடல் பொங்கியது. திமிங்கலம் முதுகு காட்டுகிற மாதிரி ஜெர்மன்காரனின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று எழும்பியது. அதன் கம்பியில் வலை மாட்டிக் கிடந்தது. மூடியைத் திறந்து தாடிக்காரர்கள் ஏறி வந்தார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி, ஒருவன் கையில் கத்தி.

"மதினி, வலைய விட்டுருங்க. உசிரு தப்பினாப் போதும்."

"தாலியத்தான் அறுத்தாச்சு. வலையையும் அறுக்கவாடே?" என்றவள், கத்திக்காரனைப் பார்த்து, "எலேய், கத்திய உள்ள வை! கையால எடு!" என்று கத்தினாளாம்.

பாஷை புரியாவிட்டாலும் கத்தல் புரியுமே. துப்பாக்கிக்காரனே சிரித்துவிட்டானாம். கத்தி வைத்திருந்த மஞ்சள் தாடிக்காரன் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணி கண்ணியாக வலையை எடுத்துவிட்டான். கிழிந்த இடத்தைத் தன் நாட்டு முடிச்சு போட்டுக் கட்டினான். அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம் இன்னாசியாள். "சும்மா வேண்டாம், இந்தா" என்று ரெண்டு சீலா மீனைத் தூக்கிப் போட்டாள். கப்பல் முங்கிப் போயிற்று.

அந்த வாரமே வெள்ளைக்காரன் விமானங்கள் அந்தக் கப்பலைத் தேடிச் சுற்றின. கடலுக்குள் இடி இடித்தது. மறுநாள் கரையெல்லாம் கறுப்பு எண்ணெய், ஒற்றைப் பூட்ஸ். "வலையக் கட்டிக்குடுத்த கை போச்சே" என்று மணலில் உட்கார்ந்துவிட்டாளாம்.

கஸ்பார் சும்மா இருந்தானா? கள்ளுக்கடையில் மீனையும் முடிச்சையும் உளறிவிட்டான். எதிரிக்கு மீன் கொடுத்தவளைத் தூக்கில் போட போலீஸ் வருகிறது என்று சேதி வந்தது.

"மதினி, அந்த முடிச்ச அவுத்துருங்க!"

"செத்தவன் போட்டதுடே. அவுக்க மாட்டேன்."

அவிழ்க்கவில்லை. வீடு வீடாகப் போனாள். "ஏளா, வலைய எடு, கைய இப்படிச் சுத்து" என்று எல்லாப் பெண்களுக்கும் அந்த முடிச்சைப் போடக் கற்றுக்கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்து வலை வலையாக விரித்துப் பார்த்தார். எல்லா வலையிலும் அதே முடிச்சு.

"யார் போட்ட முடிச்சு இது?"

"எங்க ஊரு முடிச்சு, ஐயா" என்றார்களாம் பெண்கள். முதல் குரல் இன்னாசியாளுடையதாம். எந்த வலை என்று பிடிக்க முடியாமல் இன்ஸ்பெக்டர் திரும்பிப் போனாராம்.

இன்றைக்கும் சிப்பித்துறையில் அந்த முடிச்சு விழாமல் புது வலை கடலில் இறங்காது. யார் கேட்டாலும் அதே பதில்தான்.