எண்ணோடு கேட்ட நாற்பது கேள்விகள்

ரசம் கொட்டியது மட்டும் தற்செயல். டிபன் காரியரை நாற்பது கடிதங்களின் மேல் வைத்துத் திறந்தது நான்தான். பின்னால் நடந்த எதையும் தற்செயல் என்று சொல்லமாட்டேன்.

1985. எங்கள் டெல்லி ஆபீஸ் கம்ப்யூட்டரில் முன்னாள் படைவீரர்களின் பதிவுகள் ஆறு லட்சம் இருந்தன. பதிவு தேடுவதற்கென்றே செய்த பெட்டி ஒன்று வெளிநாட்டிலிருந்து பரீட்சைக்கு வந்தது. இரண்டுக்கும் ஒரே நாற்பது கேள்விகள். எது சீக்கிரம் பதில் சொல்கிறதோ அது நிற்கும். பெட்டி ஜெயித்தால் பழைய கம்ப்யூட்டரும் அதை ஓட்டும் இந்திராணியும் மெட்ராஸ் கிளைக்கு. இந்திராணி என் பக்கத்து ஸீட்.

கேள்விகள், ஆபீசுக்குத் தபாலில் வந்த அந்தக் கடிதங்களில்தான் இருந்தன. டைரக்டர் ராஜகோபாலன் முகர்ந்து பார்த்தார்.

"யார் சமையல், வைத்தி?"

"நான்தான் சார்."

"தெரியறது. ஜல்தி வேற நாற்பது எழுதுங்கோ."

கடிதங்களை மொட்டைமாடியில் காயவைத்தேன். நன்றாகவே படிக்க முடிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

படைவீரரின் எண்ணைக் கொடுத்தால் பழைய கம்ப்யூட்டர் நேரே போய் எடுத்துவிடும். பெட்டிக்குக் கேள்வி போய்ச் சேரவே அதைவிட நேரமாகும். பெயர் மட்டும் கொடுத்தால் கதை வேறு: கம்ப்யூட்டர் ஆறு லட்சத்தையும் புரட்ட நாலு மணி நேரம், பெட்டிக்கு மூன்றே நிமிடம். நான் எழுதிய நாற்பதிலும் எண் இருந்தது.

காய்ந்த கடிதங்களில் எண் இருந்தவை நாலு. மற்றவை, 'என் மகன் பெயர் குழந்தைசாமி, பட்டாளத்தில் லாரி ஓட்டினான், அவன் சர்டிபிகேட் வேணும்' என்கிற ரகம். தாய்மார்களுக்கு மகனின் பெயர்தான் தெரியும். காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கம்தானே என்று எனக்குத் தோன்றியது.

பெட்டி தோற்றது. அதைக் கொண்டுவந்த என்ஜினியர் ரத்தினவேல் ஸ்டாப்வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். அவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் எண் இல்லாத கடிதங்கள் மூன்று அலமாரி நிறைந்தன. ஒரு பெண்ணை ஊர்விட்டு ஊர் துரத்தவிடாமல் காப்பாற்றிய நிறைவு எனக்கு. அந்த நிறைவில்தான் இந்திராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களுக்காகத்தான் பண்ணினேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

"சங்கடப்படுவேளேன்னு கேக்கலை. இப்பக் கேக்கறேன். தப்பா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தப்புதான் சார். மாத்தல் கேட்டு மூணு வருஷமா எழுதிக் கொடுக்கறேன். எந்த ஊரா இருந்தாலும் சரி, இந்த ஸீட் மட்டும் வேண்டாம்னு."