கீழ்ப்படி விளக்கு

ராத்திரி பதினொன்றே கால். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கடல், நடுவில் ஒரே ஒரு கார் போகிற அளவுக்கு ரோடு. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போக வேண்டியதுதான்... ஆனால் அன்றைக்கு எதிரே ஒரு வண்டியும் வரவில்லை.

அந்த ரோட்டில் குடும்பத்தோடு ஒரு கடற்கரை வீட்டுக்குக் காரை ஓட்டிப் போனவர் என்கூட வேலை பார்க்கிறவனுடைய சித்தப்பா. நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் இதை எனக்குச் சொன்னவன் பொய் சொல்லத் தெரியாத ஆள். லீவு கேட்கும்போதுகூட ஒழுங்காக ஒரு பொய் வராது அவனுக்கு. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த விளக்கின் பக்கம் யாரும் போக வேண்டாம். அது பாட்டுக்கு எரியட்டும்.

சித்தப்பாவுக்குத் தகடு அடிக்கிற பட்டறையில் வேலை. நாள் முழுக்க மெஷின் அடித்த அடியில் காது போய்விட்டது. காது மெஷின் போட்டால் கேட்கும். கழற்றினால் தலைமாட்டில் வெடி வெடித்தாலும் தெரியாது. ராத்திரி அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

அதனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம். அவருக்கு எட்டு வயதில் ஒரே மகள். வாலு என்று கூப்பிடுவார்கள், பேருக்கேற்ற வாலுதான். ராத்திரி தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், பயமாக இருக்கிறது என்றால் தன் அறை விளக்கை இரண்டு தடவை போட்டு அணைப்பாள். இரண்டு அறைக் கதவும் திறந்தே கிடக்கும், வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழும். அவர் கையை நீட்டித் தன் விளக்கை ஒரு தடவை போட்டு அணைப்பார். இரண்டு தடவை என்றால் ‘வா’. ஒரு தடவை என்றால் ‘வர்றேன்’. சித்தியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் தூங்கினால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாது.

கல்யாணமான நாளிலிருந்து எங்கேயும் கூட்டிப் போனதில்லை என்று சித்தி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்தான் இந்தக் கடற்கரை வீடு வாடகைக்கு வந்தது. மூன்று நாளைக்கு.

பாறை மேல் ஒற்றை வீடு. பூட்டியே கிடந்த வாசனை... ஈரச் சுவர், பழைய மெத்தை. மாடியில் எதிரெதிராக இரண்டு அறை, இரண்டிலிருந்தும் கடல் தெரியும். கீழே சமையலறை, அதற்குப் பின்கதவு. கதவைத் திறந்தால் பாறையில் வெட்டிய படிகள் நேரே தண்ணீருக்குள் இறங்கும். கடைசிப் படியோரம் ஒரு இரும்பு விளக்குக் கம்பம்.

அந்த நேரத்திலும் சாவி கொடுக்க வந்த அம்மாள் வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று, “பின் கதவ ராத்திரி தாப்பா போட்டுக்கங்க சார். காத்து ஜாஸ்தி”ன்னு மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சித்தப்பா காது மெஷினைக் கழற்றினார். அவ்வளவு பெரிய கடல் சட்டென்று காணாமல் போயிற்று. அலை பாறையில் மோதும்போது கட்டில் மட்டும் லேசாக அதிர்ந்தது.

எப்போது என்று தெரியாது... முகத்தில் வெளிச்சம். இரண்டு தடவை.

தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போய் விளக்கை ஒரு தடவை போட்டு அணைத்துவிட்டது. எழுந்து எதிர் அறைக்குப் போனார். வாலு வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். அறை இருட்டாக இருக்கிறது. அவர் அங்கே நிற்கும்போதே ஜன்னல் வழியாக இன்னொரு முறை வெளிச்சம் வந்தது. கீழிருந்து... அந்தக் கம்பத்து விளக்கு. இரண்டு தடவை எரிந்து அணைந்தது. வயர் லூசாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்து படுத்துவிட்டார்.

காலையில் எல்லாம் சரியாகிவிட்டது. நல்ல வெயில். சித்தி பாறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, “இந்த மனுஷனுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே”ன்னு சிரித்தார். சித்தி சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மனசு நிறைந்து போயிற்று. மகளோடு சிப்பி பொறுக்கக் கடைசிப் படி வரைக்கும் இறங்கினார்.

கம்பத்தில் பல்பே இல்லை.

ஹோல்டர் மட்டும் இருந்தது, துருப்பிடித்து. உள்ளே சுற்றிலும் சின்னச் சின்ன வெள்ளைச் சிப்பிகள் ஒட்டி வளர்ந்திருந்தன. வயர் பாதியிலேயே அறுந்து தொங்கியது. மத்தியானம் தண்ணீர் கேன் கொண்டுவந்த சாவி அம்மாளிடம் கேட்டார்.

“ஏம்மா, கீழ லைட்டு எரியுமா?”

“அதுக்குக் கரண்டே கிடையாதே சார்.” போகத் திரும்பியவர் நின்றார். “எரிஞ்சுதா?”

“ராத்திரி பாத்தேன்.”

“பாத்தா பாத்துட்டுப் போங்க. பதிலுக்கு ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

ஏன் என்று கேட்பதற்குள் அந்த அம்மாள் சைக்கிளை எடுத்துவிட்டார். சித்தியிடம் சொல்லலாமா என்று பார்த்தார் சித்தப்பா... சித்தி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொல்லாமலே போய்த் துணியைப் பிழிந்து கொடுத்தார்.

அன்று ராத்திரி தூங்கக் கூடாது என்றுதான் படுத்தார். பாறையில் ஏறி இறங்கிய அலுப்பு, கண் சொருகிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அவரை எழுப்பியது வாசனை. அழுகின கடல்பாசி வாசனை... பின்கதவைத் திறந்துபோட்டால் எப்படி வருமோ அப்படி, படியேறி வந்தது. பாதத்தில் சில்லென்று காற்று பட்டது. எதிர் அறையில் விளக்கு எரிகிறது. கட்டிலில் வாலு இல்லை.

ஓடினார். பின்கதவு திறந்து கிடந்தது. கீழே, பல்பு இல்லாத அந்தக் கம்பத்தில் மஞ்சளாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைசிப் படிக்கும் கீழே, முழங்கால் தண்ணீரில் மகள் நின்றாள். ஒரு கை மேலே தூக்கியிருந்தது... ரோடு தாண்டும்போது பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்குமே குழந்தை, அப்படி.

கத்தினார். தன் குரலே அவருக்குக் கேட்கவில்லை. பாய்ந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். உடம்பு வந்தது. தூக்கிய கை மட்டும் வரவில்லை. கடல் பக்கம் விறைத்து நீண்டது. இடுப்பளவு ஒரு அலை வந்து இரண்டு பேரையும் அடித்தது. காலைப் பாறையில் முட்டுக்கொடுத்து, உயிரைக் கொடுத்து இழுத்தார்... சட்டென்று விட்டது. விளக்கும் அணைந்தது.

மேலே கொண்டுவந்து துவட்டி, காது மெஷினை மாட்டிக்கொண்டு கேட்டார்.

“ஏம்மா கண்ணு, எதுக்குடா கீழ போன?”

“நீதானே அங்க இருந்த? தண்ணி வேணும்னு ரெண்டு தடவ லைட்டு போட்டேன். கீழேருந்து நீ ஒரு தடவ போட்ட. வர்றேன்னுதானே அர்த்தம்? வரவே இல்ல. அதான் நான் வந்தேன்.”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பதிலைக் கீழே இருந்த அதற்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தானே. முந்தின நாள் ராத்திரி, தன் கையாலேயே...

சித்தியை உலுக்கி எழுப்பி எல்லாவற்றையும் சொன்னார். சித்தி ஈரத் துணியோடு பெட்டியை அமுக்கி மூடினார். அந்த இருட்டிலேயே கிளம்பிவிட்டார்கள். பாறை ரோட்டில் அவர் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை. சித்தி பார்த்தார். தூரத்தில், பின்னால், வெளிச்சம்... ஒரு தடவை.

இரண்டு தடவை என்றால் ‘வா’. ஒரு தடவை என்றால்? நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ராத்திரி தெருமுனை விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. தெருவிளக்குதானே என்றார் சித்தி. அப்புறம் வாசல் கேட் விளக்கு. அப்புறம் மாடிப்படி விளக்கு. சித்தப்பா வீட்டில் இருந்த எல்லா பல்பையும் கழற்றிக் குப்பையில் போட்டார். இருட்டியதும் மெயினை அணைத்துவிடுவார். மகளைத் தங்கள் அறையிலேயே, இரண்டு பேருக்கும் நடுவில் படுக்கப் போட்டார். டார்ச்சை வைத்துக்கொண்டு சாப்பிடுகிற வீட்டைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். இனிமேல் கூப்பிட விளக்கு வேண்டாம், நெஞ்சில் தட்டினால் போதும் என்று மகளுக்குச் சொல்லி வைத்தார்.

போன வாரம் ஒரு ராத்திரி அவர் நெஞ்சில் தட்டியது குட்டிக் கை. கண்ணைத் திறந்தார். ஒரே இருட்டு. டார்ச் அடித்தார். வாலு எழுந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அவர் காது மெஷினை மாட்டினார்.

“இப்ப லைட்டு ஒரு தடவ எரிஞ்சுதுப்பா,” என்றாள். “நான் கூப்பிடவே இல்ல.”

ஸ்டூல் போட்டு ஏறினார். போன வருஷம் அவரே வாங்கி மாட்டின புது ஹோல்டர். பல்பு இல்லை, மெயினும் அணைந்துதான் இருந்தது. உள்ளே விரலை விட்டார். ஈரம். ஓரத்தைச் சுற்றி ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார்.

வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைச் சிப்பிகள் ஒட்டியிருந்தன.