லாடம் வைத்த ஷூ

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். இரண்டு பக்கமும் வெட்டவெளி. விளக்குக் கம்பம் கிடையாது. மழை விட்டு நேரமாகியும் சாலை காயவில்லை. அதில் ஒரே ஒரு கார்...

"நிறுத்து," என்றான் எதிர்க்கட்டில்காரன். "உன் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம்கூடத் திரும்பல. உனக்கு எதுக்குடா பேய்க் கதை?"

விடுதியில் மின்சாரம் போயிருந்தது. ஒரு போன் வெளிச்சத்தைச் சுற்றி, ஒரே போர்வைக்குள் காலை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"கேக்கறதுன்னா கேளு," என்றேன். "இல்ல, இழுத்துப் போர்த்திட்டுப் படு."

அவன் படுக்கவில்லை.

இது என்னோடு படித்தவனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். நாங்களும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரே பைத்தியம், பழைய நடனம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்கார ஆட்டங்களை, அந்தக் காலத்து உடுப்பில், அந்தக் காலத்து விதிப்படியே ஆடுகிற கூட்டம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை வெளியூர் மண்டபம் ஒன்றில் கூடுவார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை.

"பேய்க்குத்தான் கால் கிடையாதே," என்றான் கடைசிக் கட்டில். "அது எப்படிப்பா ஆடும்?"

சிரித்தார்கள். அடங்கும்வரை காத்திருந்தேன்.

அக்கா ஆறு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் கூட்டத்துக்கு அத்தான் போகிறார் என்றதும் வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். அவர் போனதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஜோடியில் ஒருவர் இறந்துவிட்டால், அந்த வருஷக் கடைசி ஆட்டத்தில் அவர் இடத்தை யாரும் நிரப்பக் கூடாது. இறந்தவரின் ஷூவை அந்த இடத்தில் வைப்பார்கள். ஆடிக்கொண்டே அந்த இடத்தைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் காற்றுக்குக் கை கொடுத்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போக வேண்டும். முடிந்ததும் ஜோடிக்காரர் ஷூவை எடுத்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்று வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஒரு ராத்திரிக்கு வருவார்கள் என்று அங்கே ஒரு பேச்சு.

அத்தானுக்கு அந்த ஒரு ராத்திரி வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

துணைக்குப் போனவர் தையல்காரர். அத்தானின் பள்ளிக்கூடத்து நண்பர், தனிக்கட்டை. அவரும் ஆடுவார். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு உடுப்பு தைத்துக் கொடுப்பவரே அவர்தான்.

கடைசி ஆட்டம். அத்தான் கை நீட்டினார். விரலில் ஒன்றும் படவில்லை... காற்றுகூடப் படவில்லை. மற்றவர்களும் கூச்சத்தோடு கையை நீட்டிவிட்டு நகர்ந்தார்கள். தையல்காரர் முறை வந்தது. அவர் விரல்கள் மட்டும் மூடிக்கொண்டன. எதையோ பிடித்தது மாதிரி. மணிக்கட்டு கொஞ்சம் தாழ்ந்தது, எதிரில் உயரம் குறைந்த ஆள் இருப்பது மாதிரி. நண்பன் என்றால் இவன்தான் என்று அத்தான் நினைத்தார்.

ஷூவைத் துணிப்பையில் போட்டார். "வா, வீட்டுக்குப் போலாம்." பையைப் பின்சீட்டில் வைத்தார். கிளம்பினார்கள்.

அந்த வெட்டவெளி வந்ததும்... பின்னால் ஒரு சத்தம். சர்ர்... கனமான பட்டுப் பாவாடையை ஒதுக்கி உட்காருகிற சத்தம். அப்புறம் வாசனை. அந்துருண்டை. அக்காவின் ஆட்ட உடுப்பு வருஷம் முழுக்க அந்துருண்டையோடு பெட்டியில் கிடக்கும்.

அத்தான் திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. அக்காவுக்குக் கார் வேகமாகப் போனால் குமட்டும். அதனால் வேகத்தைக் குறைத்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் ஓட்டினார். பக்கத்தில் தையல்காரர் முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் பேசினார். "வாசல் வரைக்கும் வாடா. தெருவெல்லாம் தண்ணி."

எப்போதும் தெருமுனையிலேயே இறங்கிக்கொள்கிற ஆள். காலில் ரப்பர் செருப்பு வேறு. அத்தான் அவர் வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தினார்.

முன்கதவு திறந்தது. மூடியது.

பின்கதவு திறந்தது... மூடியது.

தையல்காரர் கேட்டைத் திறந்து பிடித்தபடி ஓரமாக நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனார்.

காரில் அந்துருண்டை வாசனை இல்லை.

"ஐயோ," என்றான் எதிர்க்கட்டில்காரன், மெல்ல.

அத்தான் வீட்டுக்கு வந்தார். கதவை விரியத் திறந்து வைத்தார். விளக்கு போட்டார். காருக்கு வந்து பையை எடுத்தார். பை லேசாக இருந்தது. உள்ளே கை விட்டார். ஒன்றுமில்லை.

காரைத் திருப்பினார்.

தையல்காரர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம். வாசல்படியில் ரப்பர் செருப்பு. பக்கத்தில் அக்காவின் ஷூ. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அக்கா அப்படித்தான் கழற்றிப் போடுவார். "ஷூவக்கூட ஒழுங்கா விடத் தெரியாதா உனக்கு?" என்று அத்தான் கேட்காத நாள் கிடையாது. கேட்டுவிட்டு அவரே குனிந்து, சேர்த்து, முனை வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி வைப்பார். கிளம்பும்போது அக்கா காலை நுழைத்தால் போதும்.

அந்த ஷூவின் குதிகாலில் சின்ன லாடம் உண்டு. உதறிக் கழற்றினால் தரையில் கீறும். ஷூ போட்டுப் பார்த்தால்தான் பாவாடை நீளம் சரியாகத் தெரியும் என்று வருஷத்துக்கு ஒரு தடவை அக்கா இங்கே வருவார். அத்தானுக்குத் தெரிந்து ஒரு தடவைதான்.

போன் வெளிச்சத்தில் பார்த்தார். படி முழுக்கக் கீறல். கீறல் மேல் கீறல். சிலவற்றில் அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது... பழைய கீறல்கள்.

உள்ளே அக்கா சிரித்தார். நோய் வருவதற்கு முந்தைய சிரிப்பு. அத்தான் அதைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். தட்டவில்லை. குனிந்து ஷூவைச் சேர்த்து, முனையை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார். காருக்குள் போய் உட்கார்ந்தார். ஒரு ராத்திரிதானே? விடிவதற்குள் வெளியே வந்துதான் ஆக வேண்டும். வந்ததும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பின்கதவைத் திறந்தே வைத்திருந்தார். படியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவு திறக்கவே இல்லை.

"அப்புறம்?"

விடிந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தார்.

ஷூ உள்பக்கம் பார்த்து இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று.