துவோத் பேர் சொல்ல ஒரு பிள்ளை

— கையை எதுக்குப் போர்த்தி மறைக்கிற, நியாமால்?

— குளிருது அக்கா.

— இந்த வெயில்லயா? ஆஸ்பத்திரிக் கூடாரத்துல உனக்கென்ன வேலை?

— தலைவலி... மாத்திரை வாங்க வந்தேன்.

— மாத்திரையைக் கையில குத்துறாங்களா இப்பல்லாம்? பஞ்சு ஒட்டியிருக்கு பாரு.

— அது வந்து...

— பிள்ளை உண்டாகாம இருக்கப் போடுற ஊசிதானே?

— ஐயோ, மெதுவா! அவரு காதுல விழுந்துடப் போகுது.

— நம்ம வீட்டுக்காரர் கட்கெக்கா? முகாம்ல சோளம் வாங்க வரிசையில நிக்கிறாரு. பொழுது சாயாம வரமாட்டாரு. அதானே இன்னிக்குன்னு பார்த்து வந்த?

— நீ ராணுவத்துல சேர்ந்திருக்கணும் அக்கா.

— இருக்குற ராணுவமே போதும்டி.

— தெரிஞ்சா வெட்டிடுவாரு. சண்டையில செத்த தன் தம்பி துவோத்துக்குப் பொண்டாட்டியா, அவன் பேர்ல மாடு கொடுத்து என்னைக் கட்டினதே, அவன் பேர் சொல்லப் பிள்ளை வேணும்னுதானே. என்கூடக் குடும்பம் நடத்துறது இவரு, பொறக்குறது துவோத் பிள்ளை.

— உன் புருஷன் துவோத் என்ன சொல்றான்?

— தங்கமான மனுஷன். இதுவரைக்கும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல.

— ஹா... ஹா... வாயாடி!

— சிரிக்காத அக்கா. போன பிரசவத்தப்போ படைக்காரனுங்க ஊர் ஆஸ்பத்திரியை எரிச்சுட்டானுங்க. நைல் சதுப்புல, கோரைக்குள்ள பெத்தேன். பிள்ளை தங்கல. ரத்தமும் நிக்கல. நான் கத்தினா படைக்காரனுக்குக் கேட்டுடும்னு நீதானே என் வாயைப் பொத்தின...

— கடிச்சுட்டியேடி பாவி, தழும்பு இன்னும் போகல.

— இன்னொண்ணு பெத்தா நான் பிழைக்க மாட்டேன். பயமா இருக்கு அக்கா. அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாத. விடிஞ்சா என் வயித்தைத்தான் பார்க்கிறாங்க.

— நான் எதுக்குச் சொல்லணும்?

— சத்தியமா?

— அத்தைதான்டி என்னை இங்க அனுப்பினதே. “கட்கெக் இந்தப் பக்கம் வந்தா ஏதாவது சொல்லித் திருப்பி விடு”ன்னாங்க.

— அத்தையா! செத்த பிள்ளைக்குப் பேர் சொல்ல ஆள் வேணும்னு அழுறவங்க...

— அதையும் கேட்டேன். “துவோத் நான் பெத்த பிள்ளை, அவன்கிட்ட நான் பேசிக்கிறேன், பொறுத்துக்குவான். இவளையும் புதைக்க என்னால ஆகாது”ன்னுட்டாங்க.