விதவை வேடத்துக்கு ஜலஜா

வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கிட்வாய் நகர் மார்க்கெட்டில் காய் விற்கிற பையா என் தலையைக் கண்டாலே கூடையை உள்ளே இழுத்துக்கொள்வான். அவன் கோபம் அவனுக்கு. பார்வைக்கு எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும். இளசா முற்றலா என்பது ஒடித்தால்தான் தெரியும்.

நேற்று நீங்கள் "ஏன் செய்தாய்?" என்று மூன்று முறை கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சாப். என் ஹிந்தி ஆபீஸ் ஃபைலுக்குப் போதும், இதற்குப் போதாது. ஆகவே தமிழில் எழுதித் தருகிறேன். மொழிபெயர்க்கிறவர் வாக்கியங்களைச் சுருக்க வேண்டாம். என் பெயர் ராமசுப்ரமணியன். முப்பத்தாறு வருடம் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மகளின் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன்.

எனக்கு இருப்பது ஒரே பொழுதுபோக்கு. காண்கிறவர்களுக்கெல்லாம் வேடம் கொடுப்பேன். மெட்ரோவில் எதிரே தூங்கி வழிகிறவர் நாட்டை இழந்த ராஜா. எங்கள் பழைய அண்டர் செக்ரட்டரி பிறவிக் கோமாளி, பாவம், கையெழுத்துப் போட்டே காலத்தைத் தள்ளிவிட்டார். இதையெல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிவைப்பேன். இடது பக்கம் வேடம், வலது பக்கம் ஆள். நான் நடத்தும் தமிழ் நாடகக் குழுவின் மேஜை மேலேயே அந்த நோட்டு கிடக்கும். ஒளித்துவைக்க அவசியமே இல்லை. குழுவில் எல்லோரும் டில்லியில் பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அவர்களுடைய வசனத்தை நான்தான் ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்.

நான் எழுதிய நாடகம் ஒன்று பதினொரு வருடமாக மேடை ஏறாமல் இருந்தது. கதை சின்னது. ஒருவன் தன் நண்பனுக்கு விஷம் வைத்துவிட்டு, அவன் மனைவிக்கு ஆறுதல் சொல்ல தினமும் வீட்டுக்கு வருகிறான். அவள் ஒன்று, அவன் ஒன்று, இரண்டே வேடம். நோட்டில் இரண்டுக்கும் எதிரே காலியாகவே இருந்தது. சுமாரான ஆளைப் போட்டு ஒப்பேற்ற எனக்கு மனம் வராது.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஜலஜா வந்தாள். கரோல் பாக் பெண், முப்பத்து நாலு வயது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கணவன் ஜெயபால் ஒத்திகைதோறும் ஃபிளாஸ்கில் டீயோடு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். முடிந்ததும் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்வான். தங்கமான பையன். அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, இதை மொழிபெயர்ப்பில் விட்டுவிட வேண்டாம்.

நாடகத்தில் ஓர் இடம். பழக்கதோஷத்தில் அவள் காப்பி கலந்து எடுத்துக்கொண்டு கணவனின் நாற்காலிக்கு வருகிறாள். நாற்காலி காலி. "காப்பி ஆறிடுமே" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஜலஜா ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் சிரித்துவிடுவாள்.

"சாரி அங்கிள். இவர் எதிர்லயே உக்காந்து கட்டை விரலைக் காட்டிட்டு இருந்தா எனக்கு எப்படி அழுகை வரும்?"

நியாயமான பேச்சு. அன்று அவன் டீயைக் குடித்துக்கொண்டே அதைப் பற்றி யோசித்தேன். பிறகு நோட்டில் ஒரு வரி எழுதித் தேதி போட்டேன், ஜூலை பன்னிரண்டு. தேதி போடாமல் எதையும் எழுதாதது சர்க்கார் பழக்கம்.

ஜெயபாலுக்கு முட்டி வலி இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து வைத்தியரிடமிருந்து அவனுக்காக இரண்டு பாட்டில் வரவழைத்தேன். பச்சை மூடி போட்டது குடிக்கிற கஷாயம். சிவப்பு மூடி போட்டது முட்டியில் தடவுவது, வாயில் பட்டால் உயிருக்கு ஆபத்து என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எல்லாம் தமிழில். வாங்கிப்போக ஜலஜாதான் வந்தாள்.

"அங்கிள், இதுல எது குடிக்கறது? ஜல்தி சொல்லுங்க, ஆபீஸுக்கு லேட் ஆயிடுச்சு."

"சிவப்பு. கசக்கும், மூச்சைப் பிடிச்சிண்டு குடிக்கச் சொல்லு."

"அச்சா" என்று போய்விட்டாள். ஆகஸ்ட் நாலாம் தேதி ஜெயபால் ஆஸ்பத்திரியில் இறந்தான். ஜலஜா என்னிடம் ஓடி வந்து, "நீங்க சிவப்புன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் அவள் தலையில் கையை வைத்து, "பச்சைன்னு சொன்னேனே அம்மா" என்றேன். அவ்வளவு போதுமாக இருந்தது. ஒரு வருடமாகத் தமிழில் எழுதியதையெல்லாம் என் வாயால்தான் அறிந்திருந்தாள், என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள். பாவம் ஜலஜா, தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று வந்தவர்கள் எல்லோரிடமும் நானே சொன்னேன். கைதவறி நடந்த விபத்து என்று உங்கள் ஆட்களும் எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு தினமும் போய் ஆறுதல் சொன்னேன். ஜெயபாலுக்கு இந்த நாடகத்தின் மேல் எவ்வளவு ஆசை என்பதையும் ஞாபகப்படுத்தினேன்.

நவம்பரில் ஒத்திகைக்கு வந்தாள். கையில் ஓர் அரிச்சுவடி.

"இனிமே யாருக்கும் மாத்திக் கொடுத்துடக் கூடாது அங்கிள். அதான் படிக்கறேன்."

நான்தான் அவளுக்கு 'அ' போட்டுக் கொடுத்தேன். வளர்ந்தவர்கள் படித்து என்ன கிழிக்கப்போகிறார்கள் என்று எண்ணியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு நாடகம் நடந்தது. காலி நாற்காலியின் முன்னால் அவள் நின்றாள். "காப்பி ஆறிடுமே" என்றாள். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. பதினொரு வருடம் நான் காத்திருந்தது அந்த ஒரு நிமிடத்துக்காக. அது என் கனவில் இருந்தபடியே, ஒரு மாற்றும் குறையாமல் வந்தது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

மேக்கப் அறையில் முகம் கழுவிவிட்டுத் திரும்பினேன். அவள் என் நோட்டைத் திறந்து, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வி... த... வை. ஜ... ல... ஜா. ஜெய... பால்... போன... பிரகு."

"பிறகு. நாக்கை அழுத்திச் சொல்லணும்" என்று திருத்தினேன்.

"பிறகு" என்று சரியாகச் சொன்னாள். அப்புறம் விரல் தேதிக்கு நகர்ந்தது. "ஜூலை பன்னெண்டு. அவர் போனது ஆகஸ்ட் நாலு, அங்கிள்."

அவள் அழவில்லை. நோட்டைத் தன் பையில் வைத்தாள், பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள்.

ஜெயபாலைக் கொன்றது நான்தான் என்று தெளிவாக எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, அதே பக்கத்தில் கொலைகாரன் வேடத்துக்கு எதிரே பாருங்கள், இன்னும் காலியாகவே இருக்கும். பொங்கலன்று வேறு ஆள் இல்லாமல் அதை நானே போட்டேன். அச்சு அசலாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், முகத்துக்காகச் சொன்னது. மனதில் ஒரு சொட்டாவது கெட்ட எண்ணம் உள்ளவன்தான் அந்த வேடத்தைத் தாங்குவான், எனக்கு அது பொருந்தவே இல்லை.