குளியலறையில் அடைபட்ட மருத்துவர்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதியபடி சரி. வயது ஐம்பத்து மூன்று. வீட்டிலேயே தையல்வேலை பார்க்கிறேன். கால்நடை மருத்துவர் கொடுத்த புகாரில் உள்ளவர் என் கணவர். கிடங்கு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பதினான்கு வருடமாக வளர்த்த நாய்க்கு மேனேஜர் என்று பெயர். வேலையில் இருந்தவரை எந்த மேனேஜரையும் அதட்ட முடியாததால் அவர் வைத்த பெயர்.

சென்ற திங்கட்கிழமை முதல் நாய் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் சொன்னதற்கு அவர், "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். அதன் பிறகு புதன்கிழமை அது என் தையல் மெஷினுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது, கூப்பிட்டாலும் வரவில்லை, அதற்கு "கோவமா இருக்கான்" என்றார். அதன் பிறகு படுத்த இடத்திலேயே சிறுநீர் போனது, நான் தரையை ஈரமாகத் துடைத்ததுதான் காரணம் என்றார். வெள்ளிக்கிழமை அதன் ஈறில் விரலை வைத்து அழுத்தினேன், வெளுத்த இடம் சிவக்கவே இல்லை. அதைச் சொன்னபோது, "நீ என்ன டாக்டரா?" என்று கேட்டார். முப்பது வருடமாக நான் எதைச் சொன்னாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவதே அவர் வழக்கம்.

ஆகவே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நானே கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். அவர் பார்த்துவிட்டு, இனி வைத்தியம் இல்லை, வலியில்லாமல் போக ஊசி போடலாம் என்று சொல்லிவிட்டு, கை கழுவக் குளியலறைக்குள் போனார். அதன் பிறகு என் கணவர் வெளித்தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். மருத்துவர் தட்டினார், கத்தினார்.

அதன் பிறகு, பத்து நிமிடம் இருக்கும், என் கணவர் தலையைத் திருப்பி, "ஏன் டாக்டர், சாப்பிடாம இருக்கறது வெயிலால இல்லையா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்று உள்ளிருந்து பதில் வந்தது. "சுவத்தப் பாத்துப் படுக்கறது?" "ஒதுங்கிக்குதுங்க." "ஈறு வெளுத்திருக்கே?" "ரத்த ஓட்டம் குறைஞ்சிடுச்சு. மொதல்ல கதவத் திறங்க சார்." நான் ஐந்து நாளாகத் தொண்டை கிழியச் சொன்னதை, அதே வரிசையில், அடைத்து வைத்த மனிதரிடம் கேட்டார். எனக்கு வந்த எரிச்சல் சொல்லி மாளாது. கடைசியில், "அவனுக்கு ரொம்ப வலிக்குதா?" என்றார். மருத்துவர், "ஆமாங்க" என்றார்.

அதன் பிறகு என் கணவர் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்து, மன்னிப்பு ஒன்றும் கேட்காமல், "வாங்க, நான் புடிச்சுக்கறேன்" என்றார். பிடித்துக்கொண்டார். பத்து நாற்பதுக்கு நாய் இறந்தது.

நான் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். தாழ்ப்பாள் அவர் தலைக்கு மேலே, என் கைக்கு எட்டும்படி இருந்தது. கதவு உட்புறம் திறப்பது. எடுத்துவிட்டிருந்தால் அவர் மல்லாந்து விழுந்திருப்பார், விழட்டும் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் மருத்துவர் உள்ளே இருக்கும்வரைதான் இவர் கேட்பார், வெளியே வந்தால் வாயை மூடிக்கொள்வார். அது தெரிந்தேதான் சும்மா உட்கார்ந்திருந்தேன். புகாரில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். அத்தனையும் நான் சொன்னதுதான், உண்மைதான். யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்)