பந்து இல்லாத பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் எங்கள் வீட்டில் சில்லிதான். பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டுக் கொதிக்கவைத்த காரக் குழம்பு. தொட்டுக்கொள்ள, சர்க்கரை வழியும் சினமன் ரோல். வெளியூர்க்காரர்கள் கேட்டால் மூக்கைச் சுளிப்பார்கள். நீங்களும் இப்போது சுளித்தீர்கள். நெப்ராஸ்காவில் பிறந்தவன் வேறு மாதிரி சாப்பிட மாட்டான். அந்த ஞாயிறன்றும் எனக்கு நன்றாகவே பசித்தது, இரண்டாவது ரோலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு நான் பதற்றமாக இருந்தேனா என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லோன் எல்ம் கல்லூரிக் கால்பந்து அணிக்கு நான் எதிரணிகளை வேவு பார்க்கிறவன். வேவு என்றதும் புதருக்குள் பதுங்கிக்கொண்டு தொலைநோக்கியில் பார்ப்பேன் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் வெளிப்படையான வேலை. அடுத்த சனிக்கிழமை மோதப்போகிற இரண்டு அணிகளும் தங்கள் பழைய ஆட்டங்களின் படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டும், அது ஒப்பந்தம். அதை உட்கார்ந்து பார்த்து, யார் பலசாலி, யார் முழங்கால் வலியை மறைக்கிறான், எவன் ஓடப்போகும்போது விரல் முட்டிகளை அழுத்தமாகத் தரையில் ஊன்றுகிறான் என்று கண்டுபிடித்து எங்கள் பையன்களுக்குச் சொல்வேன். புதன்கிழமைக்குள் அவர்கள் எதிராளியைத் தங்கள் சொந்தத் தம்பியைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பார்கள்.

படம் பார்க்க எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லாரும் பந்தைத்தான் பார்ப்பார்கள். பந்து எங்கே போகிறதோ அங்கே கண்ணும் போய்விடும், மனித இயல்பு. நான் பந்தைப் பார்க்கவே மாட்டேன். பந்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறவனைப் பார்ப்பேன். கண்கொத்திப் பாம்பு என்று என் மனைவி சொல்வாள். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ஹேவர்காம்ப்கூட அதை ஒரு கிறுக்குத்தனமாகத்தான் நினைத்திருந்தார். எத்தனையோ ஆட்டங்கள் அந்தக் கிறுக்குத்தனத்தால் ஜெயித்திருக்கிறோம். செய்தித்தாளில் ஒரு தடவைகூட என் பெயர் வந்ததில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நீங்கள் கால்பந்து பார்த்ததில்லை என்றீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கால்பந்தில் பந்து பெரும்பாலும் கையில்தான். ஆட்டத்தை நடத்துகிறவன் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவனிடம்தான் வரும். அவன் எறியலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம், பக்கத்தில் ஓடுகிறவனின் வயிற்றில் திணித்துவிடலாம். திணித்த பிறகும் பந்து தன்னிடமே இருப்பதுபோல் குனிந்து ஓடி எதிராளிகளை ஏமாற்றலாம். ஹாஸ்கெட் கல்லூரியின் கார்வர் லின்ட் இந்த ஏமாற்றில் மகா கெட்டிக்காரன். நல்ல பையன் என்றும் சொல்வார்கள். அவனுக்கு நேர்ந்ததில் எனக்கும் வருத்தம்தான்.

ஹாஸ்கெட்டை நாங்கள் வென்று நெடுங்காலமாகிவிட்டது. இந்த வருஷமும் தோற்றால் ஹேவர்காம்புக்கு வேலை போய்விடும் என்று ஊரில் பேச்சு. அவர் போனால் அவர் கூட்டிவந்த நாங்களும் போக வேண்டியதுதான். ஞாயிறு மதியம் நான் அவர்களுடைய முந்தைய நாள் ஆட்டத்தின் படத்தைப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாம் கால்பகுதியில் ஒரு தடவை. கார்வர் பந்தைத் திணித்துவிட்டான். பந்து வலது பக்கம் போயிற்று. மைதானமே வலது பக்கம் பார்த்தது. இடது பக்கம் அவனுடைய சொந்த அணிக்காரன் ஒருவன் தடுமாறி விழுந்தான். விழும்போது அவன் முழங்கால் கார்வரின் தலைக்கவசத்தில் இறங்கியது. கார்வர் மண்டியிட்டான், எழுந்தான், கைதட்டிக்கொண்டே தன் அணிக்காரர்களோடு போய்ச் சேர்ந்தான். யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் வேறு ஆள். பக்கத்தில் ஓடுகிறவனுக்கு எந்தப் பக்கமாகத் தான் நிற்க வேண்டும் என்பதே கார்வருக்குத் தெரியவில்லை. அந்தப் பையன் இவன் முழங்கையைப் பிடித்து, பெரியவர்களை ரோடு கடக்க வைப்பதுபோல, மறுபக்கம் திருப்பி நிறுத்துகிறான். இடது பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கார்வர் கண்ணைத் திருப்புவதில்லை, கழுத்தையே திருப்புகிறான். ஆட்டம் நின்ற நேரத்தில் விளக்குகளைப் பார்க்க முடியாமல் கையை நெற்றியில் வைத்துக்கொள்கிறான். நான் டாக்டர் இல்லை. ஆனால் தன் வீட்டு முற்றத்திலேயே வழி தவறுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் புரியும். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது ஆர்லோவைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆர்லோ பிக்ரெல் ஹாஸ்கெட்டில் என் வேலையைச் செய்கிறவன். இளவயதில் நாங்கள் இருவரும் படச் சுருள்களை வண்டியில் போட்டுக்கொண்டு போய் நடுவழியில் ஒரு பெட்ரோல் பங்கில் மாற்றிக்கொள்வோம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரிலேயே போய்விடுகிறது. ஆனாலும் படம் வந்து சேர்ந்ததா என்று ஞாயிறு சாயங்காலம் அவன் போன் பண்ணுவான். பேசி முடிக்கும்போது "எங்க பசங்ககிட்ட என்னடா கண்டே?" என்று கேட்பான். நான் பொய் சொல்வேன். நானும் கேட்பேன், அவனும் சொல்வான். யார் பெரிய பொய்யாகச் சொல்வது என்பதுதான் விளையாட்டு. எங்கள் தொழிலில் பலரும் இப்படித்தான், இதில் யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை.

அன்றைக்கும் சில்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டான்.

"படம் வந்துதாடா, கிழட்டு ஆந்தை?"

"வந்துது. உங்காளுங்க ஓடறதைப் பாத்து அழுகையா வருது. ஆட்டத்துக்கு வராம வீட்டுலயே இருந்துடலாமான்னு பாக்கறோம்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வென்டெல், ஒரு நிமிஷம். இது விளையாட்டுக்குக் கேக்கல. கார்வர் நேத்து ராத்திரியிலேருந்து வாந்தி எடுக்கறான். வயிறு சரியில்லைங்கறான். அவங்கம்மா எனக்கே போன் பண்ணி, எங்கயாவது தலையில அடி பட்டுதான்னு கேக்கறாங்க. அவன் இல்லவே இல்லைங்கறான். நானும் படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் தெரியல. நீ பந்து இருக்கற பக்கமே பாக்க மாட்டியே. உன் கண்ணுக்கு ஏதாவது பட்டுதா?"

"என்ன மாதிரி?"

"அடி மாதிரி. எது வேணா சொல்லு. நீ பாத்தேன்னு சொன்னா போதும், அவனை நாளைக்கே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போறேன், இந்த வாரம் உக்கார வச்சுடறேன். இல்லேன்னா அவன் வாயைத்தான் நம்பணும். அவன் ஒத்தக் கால்ல நின்னாவது ஆடுவேங்கறான்."

வாயில் இருந்ததை மென்று முடித்தேன். பிறகு சொன்னேன்:

"இல்லடா. குதிரை மாதிரி ஓடறான். அவனை எப்படி நிறுத்தறதுன்னுதான் எனக்குத் தலைவலி."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாடா." அவன் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "நீயே சொல்லிட்டே. அப்போ வயிறுதான். அவங்கம்மாவுக்குச் சொல்லிடறேன், பாவம், காலையிலேருந்து அழுதுட்டு இருக்காங்க."

ஞாயிறு சாயங்காலம் கேட்டால் பதில் பொய்தான் என்பது இருபக்கமும் தெரிந்த வழக்கம். அவன் அதை மறந்தது அவனுடைய பிழை. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். நான் லோன் எல்மில் சம்பளம் வாங்குகிறவன், ஹாஸ்கெட்டின் டாக்டர் இல்லை. அங்கே டாக்டர் இருக்கிறார், பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், பெற்ற தாய் இருக்கிறாள். இத்தனை பேர் கையில் இருந்த பையனை என் தலையில் கட்டுவது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை ஹேவர்காம்பிடம் சொன்னேன், கார்வரின் பார்வை இடது பக்கம் போவதில்லை என்று. அவர் கேட்டார், "ஏன் போகல?"

"சின்ன வயசுலேருந்து வந்த கெட்ட பழக்கம், கோச்."

அவர் தலையாட்டினார். அவருக்கு வேறெதுவும் தெரியாது. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

எங்கள் அணியில் கார்வரின் இடது பக்கத்துக்கு எதிரே ஆடுகிறவன் மைக்கா டோலன். பண்ணை வீட்டுப் பிள்ளை, மாட்டு டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவன். ஆள் மலை மாதிரி இருப்பான், குணம் வெண்ணெய். பயிற்சியில் அவனிடம் சொன்னேன், பந்தைப் பற்றிக் கவலைப்படாதே, ஒவ்வொரு தடவையும் நேராகக் கார்வர் மேல் போ என்று. பந்து இருப்பதுபோல் பாவனை காட்டி ஓடுகிறவனையும் வீழ்த்தலாம். விதியில் இடம் இருக்கிறது, நடுவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

"பந்து அவன்கிட்ட இல்லேன்னு நல்லாத் தெரிஞ்சாலுமா, கோச்?"

"தெரிஞ்சாலும்."

"எவ்ளோ வேகமா?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ. மார்புக்கு மேல. நீ வர்றதை அவன் பாக்க மாட்டான்."

"பாக்கவே மாட்டானா?"

பின்னாலிருந்து ஒருத்தன் கிண்டலடித்தான்: "மைக்கா இடிக்கறதுக்கு முன்னாடி கதவைத் தட்டி, உள்ள வரலாமான்னு கேப்பான், கோச்." எல்லாரும் சிரித்தார்கள். மைக்கா முகம் சிவந்துபோய்த் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அன்று பயிற்சியில் கார்வராக நடித்த பையனை அவன் இடித்த இடியில் அந்தப் பையன் சிறிது நேரம் எழுந்திருக்கவே இல்லை. நல்லது, புரிந்துகொண்டான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மேகமூட்டம், காற்று. நான் எப்போதும்போல மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னதை மைக்கா அப்படியே செய்தான். ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் கார்வர் எழுந்திருக்க இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். இடைவேளைக்குப் பிறகு ஒரு தடவை, பந்து எங்கோ வலது கோடிக்குப் போய் அங்கே ஜனங்கள் கத்திக்கொண்டிருக்க, இங்கே மைக்கா இடது பக்கத்திலிருந்து வந்தான். கார்வர் திரும்பவே இல்லை. விழுந்தான். எழுந்து நடந்தான். நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்து எங்கள் பையன்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டான். ஒருத்தன் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தான். வாங்கக் கை நீட்டினான், கை வேறெங்கோ போயிற்று. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான்.

ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்தது. இரண்டு அணிக்காரர்களும் மண்டியிட்டார்கள். கீழே ஒரு பெண்மணி வேலியைத் தாண்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள், யாரோ தூக்கிவிட்டார்கள். அவன் அம்மா என்று பிறகு சொன்னார்கள். ஆட்டம் தொடர்ந்தது. அதற்குப் பிறகு அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, நாங்கள் ஜெயித்தோம்.

ஜெயித்த பந்தை யாராவது ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். உடைமாற்றும் அறையில் ஹேவர்காம்ப் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இந்த ஆட்டம் இவரோட கண்ணு ஜெயிச்ச ஆட்டம்" என்றார். பையன்கள் என் முதுகில் அடித்தார்கள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கா மட்டும் ஒரு மூலையில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

கார்வர் செவ்வாய்க்கிழமை போய்விட்டான். ஏற்கெனவே அடிபட்டு ஆறாத மூளையில் மறுபடி அடி விழுந்தால் வீங்கிவிடுமாம். அவனுக்கு வயது இருபது.

சவ அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்காது. மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் வைத்திருந்தார்கள். ஆர்லோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஆள் பாதியாகிவிட்டான்.

"எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க, வென்டெல். படத்துல உனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு. நான் ஒண்ணுதான் சொல்றேன். வென்டெல் பாத்தே தெரியலைன்னா அது யார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு. அதை நெனச்சுத்தான்டா ராத்திரி கண்ணை மூடறேன்."

நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த நிம்மதியை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அவனுக்காகத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். மைக்கா உங்களிடம் வந்து சொல்லியிருக்காவிட்டால் இன்னும் திறந்திருக்க மாட்டேன். மைக்கா மேல் எனக்குக் கோபமில்லை. படிப்பையும் விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன், பரிதாபம்தான். கோச் சொன்னதைத்தான் செய்தேன் என்று அவன் சொல்வது முழு உண்மை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும். அடியைப் பார்த்தேன். இன்னொரு அடி தாங்க மாட்டான் என்பதும் தெரியும், எங்கள் தொழிலில் அது தெரியாதவர் கிடையாது, வருஷா வருஷம் எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறார்கள். தெரிந்துதான் மைக்காவை அனுப்பினேன். ஆனால் ஆர்லோவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். கார்வரை உட்காரவைத்துவிட்டு, அவர்களுடைய மாற்று குவார்ட்டர்பேக்கை இறக்கியிருப்பார்கள். முதல் வருஷப் பையன், இடது கைக்காரன், அதுவரை கல்லூரி ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை. அவனைப் பற்றிப் பார்க்க என்னிடம் ஒரு படம்கூட இல்லை.